47 வருஷம் மிச்சமிருக்கும் வீவக வீடு: கையெழுத்துப் போடுவதற்கு முன்

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருக்கு 38 வயது, மனைவிக்கு 34. இருவரும் நிரந்தரவாசிகளாகி இரண்டு வருஷம் ஆகிறது. குவீன்ஸ்டவுனில் அரசாங்க வீடமைப்புக் கழகம் (வீவக) கட்டிய ஒரு பழைய நாலறை வீடு 600,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வருகிறது, குத்தகையில் 47 ஆண்டு பாக்கி. "பழைய புளோக், எப்படியும் செர்ஸ் வரும், புது வீடே கிடைக்கும்" என்கிறார் வீட்டு முகவர் (செர்ஸ் என்பது பழைய புளோக்குகளை எடுத்துக்கொண்டு புது வீடு ஒதுக்கும் அரசாங்கத் திட்டம்). நிரந்தரவாசியாகி மூன்று வருஷம் ஆனால்தான் இப்படி வாங்க முடியும்; அது ஆகாததால், குடிமகனான சித்தப்பா பெயரில் வாங்கி, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று யோசனை சொல்கிறார் இன்னொருவர். ஊரில் இருக்கும் அப்பாவோ, "99 வருஷக் குத்தகையா? அப்போ அது வாடகை வீடுதானேடா" என்கிறார். வாங்கலாமா, கூடாதா?

சட்ட நிறுவனம் ஒன்றின் சொத்துமாற்றப் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் கோப்புகளோடு கிடந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அப்பாவின் கேள்வி. அவரைக் குறை சொல்ல முடியாது. குத்தகை என்றால் தஞ்சாவூர்க்காரருக்கு வயல்தான் ஞாபகத்துக்கு வரும். விளைச்சலில் பாதியை அளந்து கொடுத்துவிட்டு, மண் யாருடையதோ என்று நடந்து போகிற குத்தகை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது வீவக, தருகிற குத்தகை அந்த வகை இல்லை. இங்கே வீட்டை விற்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம், வங்கியில் அடமானம் வைத்து வாங்கலாம், விலை ஏறினால் அந்த ஏற்றம் உங்களுக்கே. வாடகைக்காரருக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் அப்பா சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. பட்டா போல முடிவில்லாத உரிமை இது அல்ல. புளோக் கட்டி முடித்துக் குத்தகை தொடங்கிய நாளிலிருந்து கடிகாரம் ஓடுகிறது. மறுவிற்பனையில் வாங்குபவருக்குப் புதிதாக 99 வருஷம் யாரும் தருவதில்லை. முதல் உரிமையாளர் 52 வருஷத்தை வாழ்ந்து தீர்த்திருக்கிறார், மிச்சம் 47ஐ நீங்கள் வாங்குகிறீர்கள். 600,000 வெள்ளி அந்த 47 வருஷத்துக்கான விலை.

முடிந்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிப்பதில்லை. ஏனென்றால் வீவக வீடு எதற்கும் 99 வருஷம் இன்னும் முடியவில்லை. வீட்டு உடைமைத் திட்டம் தொடங்கியதே 1964இல்தான். ஆனால் முடிந்துபோன குத்தகை ஒன்று கண் முன்னால் உண்டு. கேலாங் லோரோங் 3இல் 191 தரைவீடுகள் இருந்தன. தீவிபத்தில் வீடிழந்தவர்களுக்காகக் கட்டி 60 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தவை. 2017 ஜூனில் அரசாங்கம் அறிவித்தது: குத்தகை 2020 டிசம்பர் 31இல் முடிகிறது, நீட்டிப்பு இல்லை, இழப்பீடு இல்லை. அந்தத் தேதியில் வீடுகள் அரசுக்குத் திரும்பின. குடியிருப்பு நிலத்தின் குத்தகை முடிந்து நிலம் திரும்பியது சிங்கப்பூரில் அதுதான் முதல்முறை. அந்த வீடுகளில் சிலவற்றைக் கடைசிப் பத்துப் பதினைந்து வருஷத்தில் காசு கொடுத்து வாங்கியவர்களும் உண்டு. அவர்கள் கையில் கடைசியில் நின்றது சுழியம்.

உங்கள் முகவர் 'செர்ஸ்' என்று இழுத்த வார்த்தைக்கு வருகிறேன். 1995இல் தொடங்கிய திட்டம் அது. பழைய புளோக்குகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, சந்தை விலை கொடுத்து, பக்கத்திலேயே புதிய 99 ஆண்டுக் குத்தகையோடு வீடு ஒதுக்கும். அதில் கிடைத்தவர்களைப் பார்த்துத்தான் "பழைய வீடு வாங்கினால் லாட்டரி" என்ற பேச்சு பிறந்தது. 2017 மார்ச்சில், அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்த லாரன்ஸ் வோங், எல்லாப் பழைய வீடுகளுக்கும் செர்ஸ் வரும் என்று நினைத்து அதிக விலை கொடுக்காதீர்கள் என்று வெளிப்படையாகவே எழுதினார். வீவக வீடுகளில் சுமார் 5 விழுக்காடுதான் அந்தத் திட்டத்துக்குப் பொருத்தமானவை. கடைசியாக 2022 ஏப்ரலில் அங் மோ கியோ அவென்யூ 3இல் நான்கு புளோக்குகளுக்கு அறிவிப்பு வந்தபோது, கொண்டாட்டத்தைவிடக் கவலைதான் அதிகம் தெரிந்தது. வயதானவர்கள் பலர், இழப்பீட்டுப் பணம் அதே அளவு புது வீட்டுக்குப் பற்றவில்லை, கையிலிருந்து போட வேண்டியிருக்கிறது என்றார்கள். குறைந்து போன குத்தகைக்குக் குறைந்த மதிப்புதானே போடுவார்கள்? பிறகு 50 ஆண்டுக் குத்தகையோடு புது வீடு வாங்கும் தெரிவைக் கழகம் கொடுக்க வேண்டியதாயிற்று.

இன்னொரு பெயரையும் கேள்விப்பட்டிருப்பீர்கள்: வெர்ஸ். 2018 தேசிய தினப் பேரணியில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் அறிவித்தது. சுமார் 70 வயதான புளோக்குகளில் குடியிருப்போர் வாக்களித்து, வேண்டுமென்றால் அரசிடம் முன்கூட்டியே விற்கலாம். செர்ஸ் அளவுக்குத் தாராளம் இருக்காது என்று அன்றே சொல்லிவிட்டார்கள். உங்கள் புளோக்குக்கு 70 ஆக இன்னும் 18 வருஷம். அதை நம்பி இன்றைக்கு ஒரு வெள்ளி கூடுதலாகக் கொடுத்தாலும் அது சூதாட்டக் கணக்கில்தான் சேரும். முகவர் சொல்வதை எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள். தர மாட்டார்.

இப்போது ஒரு கூட்டல். மனைவியின் வயது 34, பாக்கிக் குத்தகை 47. கூட்டினால் 81. இந்த எண்ணைத்தான் நீங்கள் மனத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். 2019 மே மாதத்திலிருந்து உள்ள விதி இது: வாங்குவோரில் இளையவருக்கு 95 வயது ஆகும்வரை குத்தகை இருந்தால்தான் மத்திய சேம நிதியை (சம்பளத்திலிருந்து கட்டாயமாகச் சேரும் சேமிப்பு) வீட்டின் மதிப்பு முழுவதற்கும் பயன்படுத்தலாம். எட்டாவிட்டால், எந்த அளவுக்கு எட்டவில்லையோ அந்த அளவுக்கு வரம்பு குறையும். குத்தகை 20 ஆண்டுக்குக் கீழே போய்விட்டால் சேம நிதியைத் தொடவே முடியாது. உங்களுக்கு 14 வருஷம் குறைகிறது. ஆகவே மாதத் தவணையைச் சேம நிதியிலிருந்தே கட்டிக்கொண்டு போகலாம் என்ற கணக்கு ஒரு கட்டத்தில் முட்டி நிற்கும், அதற்குப் பிறகு ரொக்கம்தான். சேம நிதிக் கழகத்தின் இணையப் பக்கத்தில் கணிப்பான் இருக்கிறது, வீட்டுக் குத்தகையையும் வயதையும் போட்டால் உங்கள் வரம்பு தெரியும். முகவரைக் கேட்காமல் நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஒரு வருஷம் காத்திருந்து வாங்கினால் நிலைமை மாறுமா என்றால், அதே வீட்டுக்கு மாறாது. வயது ஒன்று ஏறும், குத்தகை ஒன்று இறங்கும், 81 அப்படியே நிற்கும்.

இதே கூட்டலை நாளைக்கு உங்களிடம் வாங்கப்போகிறவரும் போடுவார் என்பதுதான் பலர் மறக்கிற இடம். 15 வருஷம் கழித்து விற்கப் போகிறீர்கள் என்று வையுங்கள். அப்போது பாக்கி 32. முப்பது வயது இளம் தம்பதிக்கு 62தான் வரும். அவர்களுக்குச் சேம நிதி வரம்பு நன்றாகக் குறையும், வங்கியும் யோசிக்கும். 63 வயதுக்காரர் வந்தால் 95 எட்டும். ஆக உங்கள் வீட்டை வாங்கக்கூடியவர்கள் வயதானவர்களும் ரொக்கம் வைத்திருப்பவர்களும் என்று சுருங்கிவிடுகிறார்கள். வாங்க ஆள் குறைந்தால் விலை என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

குத்தகை கரையக் கரைய மதிப்பு எப்படிக் குறைகிறது என்பதற்கு சிங்கப்பூர் நில ஆணையம் ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. பெயர் பாலா அட்டவணை. பெயரைக் கேட்டால் நம்ம ஆள் போலத்தான் இருக்கிறது. நிரந்தர உடைமை நிலத்தின் மதிப்பு 100 என்றால் 99 ஆண்டுக் குத்தகைக்கு 96, 60 ஆண்டுக்கு 80, 30 ஆண்டுக்கு 60 என்று போகும். முதல் 39 வருஷத்தில் 16 புள்ளி, அடுத்த முப்பதில் 20 புள்ளி, கடைசி முப்பதில் மிச்சம் 60ம் போய்விடுகிறது. அரசு நிலத்துக்குப் போடும் கணக்கு இது. மறுவிற்பனைச் சந்தை இதையே பின்பற்றும் என்று கட்டாயமில்லை. நகரத்துக்குப் பக்கத்தில் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் இருக்கும் வீடு என்றால் நாற்பது வயதானாலும் விலை நிற்கிறது. ஆனால் சரிவு எந்தப் பக்கம் செங்குத்தாகிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த அட்டவணை போதும். நீங்கள் ஏறப்போவது அந்தச் செங்குத்துப் பகுதி தொடங்கும் இடத்தில்.

அடுத்தது சித்தப்பா. தம்பி, இதை மட்டும் செய்யாதீர்கள். இது மாதிரி ஒரு கோப்பு என் மேசைக்கே வந்திருக்கிறது: அண்ணன் பணம் போட்டார், தங்கை பெயரில் வீடு, குடும்பத்துக்குள் ஒரு வெள்ளைத்தாளில் ஒப்பந்தம். தங்கை திருமணமாகி மனம் மாறியபின் அந்தத் தாளைப் பார்த்த வழக்கறிஞர் தலையைத்தான் ஆட்டினார்.

வீடமைப்பு வளர்ச்சிச் சட்டப்படி, கழகத்தின் எழுத்துபூர்வமான முன் அனுமதி இல்லாமல் வீவக வீட்டின் மேல் யாரும் அறக்கட்டு உருவாக்க முடியாது. உருவாக்கினால் அது செல்லாது. 'பெயர் அவருடையது, வீடு என்னுடையது' என்ற ஏற்பாட்டுக்குத்தான் சட்டத்தில் அந்தப் பெயர். தனியார் சொத்தில் "பணம் நான் போட்டேன், ஆகவே பங்கு எனக்கு" என்று நீதிமன்றத்தில் வாதாட முடிகிறது. வீவக வீட்டில், வைத்திருக்கத் தகுதியில்லாதவர் அந்த வழியாக உள்ளே வந்துவிடக்கூடாது என்றே சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. பிறகு பெயர் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்களே, அதுவும் நினைத்தபோது நடக்காது. திருமணம், மணவிலக்கு, இறப்பு, மருத்துவக் காரணம், பொருளாதார நெருக்கடி போன்ற குறிப்பிட்ட சூழல்களில் மட்டும்தான் உரிமை மாற்றத்தைக் கழகம் பரிசீலிக்கும். சித்தப்பாவுக்கு ஏற்கெனவே வீவக வீடு இருந்தால் இரண்டாவது வைத்துக்கொள்ளவும் முடியாது. வாங்கினால் அவர்தான் அங்கே குடியிருக்க வேண்டும். நாளைக்கு அவர் கண்ணை மூடினால் வீடு அவர் மனைவி மக்களுக்கு. சித்தி நல்லவராகவே இருக்கட்டும், மருமகன் யார் என்று இன்றைக்கு உங்களுக்குத் தெரியுமா? விதிமீறல் தெரியவந்தால் வீட்டைக் கட்டாயமாகத் திரும்பப் பெறும் அதிகாரமும் கழகத்துக்கு இருக்கிறது. மூன்றாண்டுக்கு இன்னும் ஓராண்டுதான். பொறுங்கள்.

அந்த ஓராண்டு முடிந்தபின்னும் இரண்டு கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி இந்தியர், பிற இனத்தவர் சேர்ந்து ஒரு வட்டாரத்தில் 12 விழுக்காடு, ஒரு புளோக்கில் 15 விழுக்காடு வரைதான் இருக்கலாம். இது தவிர, மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளுக்கென்று தனி வரம்பு: வட்டாரத்தில் 5, புளோக்கில் 8. இந்த எண்ணிக்கை ஒவ்வொரு மாதமும் முதல் தேதி புதுப்பிக்கப்படும். கழகத்தின் இணையத்தளத்தில் புளோக் எண்ணைப் போட்டாலே தெரிந்துவிடும், ஆகவே வீட்டைப் போய்ப் பார்ப்பதற்கு முன்பே பாருங்கள்.

வாங்கும்போது பார்க்கும் இந்த வரம்பு விற்கும்போது வேறு மாதிரி கடிக்கும். அந்தப் புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பியிருந்தால் சீனர் ஒருவர் இன்னொரு சீனரிடமிருந்துதான் அங்கே வாங்க முடியும்; உங்களிடமிருந்து வாங்க முடியாது. சிங்கப்பூரில் வீடு வாங்குவோரில் பெரும்பான்மையானவர்கள் யார் என்று யோசியுங்கள். நம் சமூகத்தில் பலர் மாதக்கணக்கில் விற்க முடியாமல், கடைசியில் விலையைக் குறைத்துக் கொடுத்த கதை எல்லாப் பேட்டையிலும் உண்டு. ரொம்பச் சிரமப்படுபவர்களிடமிருந்து தானே வாங்கிக்கொள்ள 2022இலிருந்து கழகம் வழி வைத்திருக்கிறது, ஆனால் அதற்கு நிபந்தனைகள் இருக்கின்றன. மிஞ்சியிருக்கும் குத்தகையும் குறைவு, வாங்கக்கூடிய இனத்தவரும் குறைவு என்றால் இரண்டு பக்கமும் இடிபடுவீர்கள். ஆகவே இந்தியர் வரம்போடு சீனர் வரம்பையும் பாருங்கள்.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிரந்தரவாசி தம்பதிக்கு வீவக கடன் கிடையாது, மானியமும் கிடையாது, வங்கிக் கடன்தான். விலையில் 75 விழுக்காடு வரை வங்கி கொடுக்கலாம். 5 விழுக்காடாவது ரொக்கமாக வேண்டும். 600,000 வெள்ளிக்கு வழக்கமான முத்திரை வரி 12,600. நிரந்தரவாசியின் முதல் வீட்டுக்குக் கூடுதல் முத்திரை வரி 5 விழுக்காடு, அது 30,000. கழகம் போடும் மதிப்பு, பேசிய விலையைவிடக் குறைவாக வந்தால் அந்த வித்தியாசம் முழுக்க ரொக்கம். ஆப்ஷனுக்கு, அதாவது வீட்டை உங்களுக்கே விற்பதாக எழுதித் தரும் சீட்டுக்கு, விற்பவர் 1,000 வெள்ளிக்கு மேல் வாங்கக்கூடாது, வைப்புத்தொகை மொத்தம் 5,000ஐத் தாண்டக்கூடாது, உங்களுக்கு 21 நாள் அவகாசம். மேசைக்கு அடியில் ஏதாவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

வாங்கிய பிறகு 'என் வீடு' என்ற நினைப்பில் செய்யக்கூடாதவை சில. முதல் ஐந்து வருஷம் நீங்களே குடியிருந்தாக வேண்டும், விற்க முடியாது. அறைகளை வாடகைக்கு விடலாம், கழகத்தின் அனுமதி பெற்று, ஒவ்வொரு முறையும் குறைந்தது ஆறு மாதத்துக்கு. சுற்றுலாப் பயணிக்கு வாரக் கணக்கில் விடுவது சட்டவிரோதம். முழு வீட்டையும் வாடகைக்கு விடும் உரிமை ஐந்தாண்டுக்குப் பிறகும் குடிமக்களுக்குத்தான்; நிரந்தரவாசிக்கு எப்போதும் இல்லை. நான்கு வருஷம் ஊரில் இருந்துவிட்டு வரலாம், அதுவரை வாடகை வரட்டும் என்று திட்டம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். சுவர் இடிப்பதற்குக் கழகத்தின் அனுமதி வேண்டும். மேல்வீட்டுக் குளியலறை ஒழுகி உங்கள் கூரையில் நீர் சொட்டினால், பழுதுபார்க்கும் செலவு மேல்வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் சேர்த்துத்தான். ஐம்பது வயதுப் புளோக்கில் இதை எதிர்பார்த்தே இருங்கள்.

பத்திரத்தில் இருவர் பெயரையும் எப்படிப் போடுவது என்று வழக்கறிஞர் ஒரே ஒரு வரியில் கேட்பார். பெரும்பாலோர் யோசிக்காமல் தலையாட்டுகிற வரி அது. கூட்டு உரிமை என்றால் ஒருவர் இறந்தவுடன் வீடு முழுவதும் மற்றவருக்கு; உயிலில் வேறு மாதிரி எழுதியிருந்தாலும் அது வீட்டைக் கட்டுப்படுத்தாது. பங்குவாரி உரிமை என்றால் அவரவர் பங்கு அவரவர் வாரிசுகளுக்குப் போகும். உயில் இல்லாமல் இறந்து, பிள்ளையும் இல்லையென்றால், முஸ்லிம் அல்லாதவர்களுக்கான சட்டப்படி உங்கள் பங்கில் பாதி மனைவிக்கு, பாதி பெற்றோருக்கு. ஊரிலிருக்கும் அப்பா அம்மாவுக்கு வீவக வீட்டை வைத்திருக்கும் தகுதி இருக்காது என்பதால், உங்கள் மனைவி அந்தப் பங்குக்குப் பணம் தேட வேண்டிவரும். இளம் தம்பதிக்குக் கூட்டு உரிமைதான் பொருந்தும் என்பது என் கருத்து. சேம நிதிப் பணம் உயிலுக்குள் வராது. அதற்குத் தனியாக நியமனம் செய்ய வேண்டும், இருவரும்.

அந்த வீட்டை நான் வாங்குவேனா என்றால், 81 என்ற எண்ணோடு இந்த விலைக்கு வாங்க மாட்டேன். குடியிருக்க மட்டும்தான், விற்கும்போது என்ன வந்தாலும் சரி, எண்பது வயதில் வேறு வீடு தேட வேண்டியிருந்தாலும் சரி என்றால் அது வேறு விஷயம். அந்த வயதில் வாடகைக்கு வீடு தேடி அலையும் முதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த ஓராண்டில் 61 வருஷமோ அதற்கு மேலோ பாக்கியுள்ள வீடுகளைப் பாருங்கள். குவீன்ஸ்டவுன் இல்லாவிட்டால் யீஷூனோ ஜூரோங் வெஸ்ட்டோ. மனைவியின் வயதோடு கூட்டினால் 95 எட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று பாக்கி இருக்கிறது. ஊரில் உங்கள் பெயரில் வீடு இருக்கிறதா? பாகப்பிரிவினையில் வந்த பங்காக இருந்தாலும் சொல்ல வேண்டும். வீவக வீடு வாங்கும் தகுதியைப் பார்க்கும்போது வெளிநாட்டில் உள்ள தனியார் வீடும் கணக்கில் வரும். குடியிருந்தே ஆக வேண்டிய அந்த ஐந்து வருஷத்துக்குள் உள்ளூரிலோ வெளிநாட்டிலோ தனியார் வீடு வாங்குவதும் கூடாது. "மனை கிடக்கிறது, உன் பேரில் ஒரு வீடு கட்டிப் போடுகிறேன்" என்று அப்பா ஆரம்பித்திருந்தால் இன்று இரவே அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். வீட்டுத் தகுதிக் கடிதத்துக்கு விண்ணப்பிக்கும்போது கழகத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலை வாங்கி வைத்துக்கொண்ட பிறகு ஆப்ஷனில் கையெழுத்துப் போடுங்கள்.